பேசாப்படம் தந்த பால்கே

தாதாசாகிப் பால்கே 1870இல் நாசிக் அருகே திரியம்பகத்தில் பிறந்தார். ஓவியமும் அச்சுத்தொழிலும் கற்ற அவர், பம்பாயில் இயேசுவின் வரலாற்றை ஊமைப்படமாகக் கண்டார். நம் புராணங்களும் திரையில் அசையவேண்டுமென விழைந்தார். 1912இல் இலண்டன் சென்று படக்கருவி வாங்கிவந்தார். பணம் தருவார் இலர். பட்டாணி விதை முளைத்துச் செடியாவதைச் சிறிது சிறிதாகப் படமெடுத்துக் காட்டிய பின்னரே கடன் கிடைத்தது. மனைவி சரசுவதிபாயின் நகைகளும் அடகுக்குச் சென்றன. 1913இல் 'ராஜா அரிச்சந்திரா' வெளிவந்தது. பெண்கள் நடிக்க முன்வராமையால், உணவுவிடுதிப் பணியாளரான ஆடவர் ஒருவரே சந்திரமதியாகச் சேலையுடுத்தி நடித்தார். மக்கள் திரண்டுவந்து கண்டனர்.

1931இல் 'ஆலம் ஆரா' பேசிற்று. பாட்டும் உரையாடலும் கேட்ட மக்கள் பேசாப்படங்களை நாடவில்லை. பால்கேயின் ஒரே பேசும்படமான 'கங்காவதரண்' 1937இல் வந்தது. அதுவே இறுதிப்படமும் ஆயிற்று. 1944இல் அவர் மறைந்தபோது திரையுலகம் அவரை ஏறத்தாழ மறந்திருந்தது.