மளிகைக்கடையின் பின்னறையில் ஒரு பள்ளி: செப்டிமா கிளார்க்கின் வாழ்வும் முதியோர் கல்வியும்

1957ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள். அமெரிக்காவின் தென்கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த ஜான்ஸ் தீவில், ஒரு மளிகைக்கடையின் பின்னறையில் பதினான்கு பேர் கூடினர். வயலிலும் பிறர் வீட்டு வேலையிலும் நாளெல்லாம் உழைத்துக் களைத்த கறுப்பின மக்கள் அவர்கள். முன்புறம் கூட்டுறவுக் கடை நடந்ததால், பின்புறம் பள்ளி நடப்பது வெள்ளையர் கண்ணுக்குப் புலப்படவில்லை. மாநில அரசமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டினால்தான் வாக்காளராகப் பதிவு செய்ய முடியும் என்ற விதியே அவர்களை அந்த அறைக்குக் கொண்டு வந்தது. 300 டாலர் மதிப்புள்ள சொத்து வைத்திருந்தால் அந்தத் தேர்வு தேவையில்லை. நிலமும் கல்வியும் ஒருசேர மறுக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு வாயில்களும் அடைபட்டே இருந்தன.

அந்தப் பள்ளிக்குத் திட்டம் வகுத்தவர் செப்டிமா பொயின்செட் கிளார்க். மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரை அறிந்த நம் மாணவர்களில் பலர் இவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பேரணிகளின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு இரவுப் பள்ளிகளின் வரலாறு எழுதப்படவில்லை.

செப்டிமா 1898 மே 3 அன்று சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை அடிமையாகப் பிறந்தவர். தாய் துணி வெளுத்துக் குடும்பத்தைத் தாங்கியவர். ஏவரி பள்ளியில் ஆசிரியப் பயிற்சி முடித்தபோது செப்டிமாவுக்கு வயது பதினெட்டு. ஆனால் சார்ல்ஸ்டன் நகரப் பொதுப் பள்ளிகளில், கறுப்பினக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளில்கூட, கறுப்பினத்தவரை ஆசிரியராக நியமிப்பதில்லை. ஆகவே 1916இல் ஜான்ஸ் தீவுக்குச் சென்றார். அங்கே 132 குழந்தைகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். தலைமைப் பொறுப்பையும் சேர்த்துச் சுமந்த செப்டிமாவின் ஊதியம் 35 டாலர். எதிரில் இருந்த வெள்ளையர் பள்ளியில் மூன்றே மாணவர்கள். அங்கிருந்த ஆசிரியரின் ஊதியம் 85 டாலர்.

பகலில் குழந்தைகளுக்குக் கற்பித்தவர் இரவில் பெரியவர்களுக்கும் எழுத்தறிவித்தார். அவர்களுக்கெனப் பாடநூல் ஏதும் இல்லை. அஞ்சல்வழி வணிக நிறுவனங்களின் விலைப்பட்டியல் போன்ற, வீடுகளில் கிடைத்த தாள்களையே பாடநூலாக்கினார். பிற்காலத்தில் அவர் உருவாக்கிய கல்விமுறைக்கு இங்கேதான் வித்து விழுந்தது.

1919இல் சார்ல்ஸ்டன் திரும்பியவர், கறுப்பினத்தாரின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் இணைந்து வீடு வீடாகச் சென்று கையெழுத்துத் திரட்டினார். அடுத்த ஆண்டே நகரப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களுக்கு இடம் கிடைத்தது. 1925இல் கணவர் இறந்தபின் மகனை வளர்க்கும் பொறுப்பையும் தனியே ஏற்றார். கொலம்பியா நகரில் பணியாற்றிய ஆண்டுகளில் வேலைக்கிடையே பயின்று 1942இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். சம வேலைக்குச் சம ஊதியம் கோரி கறுப்பின ஆசிரியர்கள் நடத்திய வழக்கிலும் துணை நின்றார். 1945இல் வெற்றி பெற்ற அந்த வழக்கில் வாதாடிய தர்குட் மார்ஷல் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தென்மாநில ஆட்சியாளர்கள் அதற்குச் சட்டத்தின் வழியாகவே பழிவாங்கினர். அரசு ஊழியர் எவரும் என்.ஏ.ஏ.சி.பி.யில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று 1956இல் தென்கரோலினா சட்டம் இயற்றியது. உறுப்பினர் என்பதை மறைத்திருந்தால் செப்டிமாவின் வேலை தப்பியிருக்கும். அவர் மறைக்கவில்லை. நாற்பதாண்டுப் பணிக்குப் பிறகு, 58ஆம் வயதில், வேலையையும் ஓய்வூதியத்தையும் ஒருங்கே இழந்தார்.

டென்னசி மாநிலத்தின் ஹைலேண்டர் மக்கள் பள்ளி அவரைப் பயிலரங்கப் பொறுப்பாளராக ஏற்றுக்கொண்டது. கறுப்பினத்தாரும் வெள்ளையரும் ஒரே பந்தியில் உண்டு, ஒரே கூரையின்கீழ்த் தங்கிப் பயின்ற இடம் அது. 1955 கோடையில் ரோசா பார்க்ஸ் அங்கே வந்து செப்டிமாவின் பயிலரங்கில் பங்கேற்றிருந்தார். அதே ஆண்டு டிசம்பரில்தான் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தார்.

ஜான்ஸ் தீவில் பேருந்து ஓட்டிவந்த ஈசா ஜென்கின்ஸ், தம் பயணிகளுக்கு வழியிலேயே அரசமைப்பின் பகுதிகளைச் சொல்லிக் கொடுத்து வந்தார். மனப்பாடம் செய்தவர்கள் மேலும் கேட்டார்கள்: தாங்களே படிக்க வேண்டும் என்றார்கள். ஹைலேண்டர் கடனாகக் கொடுத்த 1,500 டாலரில் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்று வாங்கப்பட்டது. முன்புறம் கடை, பின்புறம் வகுப்பறை.

ஆசிரியராக செப்டிமா தேர்ந்தெடுத்தவர், அழகு நிலையம் நடத்தியவரும் தையல் கலைஞருமான பெர்னிஸ் ராபின்சன். அவர் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். ஆயினும் அவரிடம் இரண்டு தகுதிகள் இருந்தன. வெள்ளையரிடம் கூலி பெறாததால் அவர் வேலையை எவரும் பறிக்க முடியாது. படித்தவர் என்ற மிடுக்கோடு மாணவர்களைத் தாழ்த்திப் பார்க்கும் பழக்கமும் அவரிடம் இல்லை.

குழந்தைகளுக்கான பாடநூல்களோடுதான் பெர்னிஸ் வகுப்பைத் தொடங்கினார். பிள்ளை பெற்று வளர்த்த பெரியவர்களுக்கு அவை ஒவ்வாதவை என்பதை உடனே உணர்ந்து விலக்கிவைத்தார். என்ன கற்க வேண்டும் என்று அவர்களையே கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும். விவிலியம் படிக்க வேண்டும். மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அவையே பாடமாயின. அட்டையில் எழுதிய பெயரின் மேல் மீண்டும் மீண்டும் பென்சிலை ஓட்டி, கை பழகியபின் தாளில் எழுதினார்கள். உலக மனித உரிமைப் பிரகடனம் சுவரில் தொங்கியது. வகுப்பு முடிவதற்குள் அதைப் படிப்பது இலக்காக வைக்கப்பட்டது. நாளடைவில் இந்தப் பாடங்கள் பயிற்சி நூலாகத் தொகுக்கப்பட்டன. தேர்தல் சட்டம், வரி, சமூகப் பாதுகாப்பு உதவி, அலுவலர்க்குக் கடிதம் எழுதும் முறை ஆகியன அதில் இடம்பெற்றன. அரசு எழுதிய நூல் அன்று அது. கற்போரின் தேவையிலிருந்து எழுந்த நூல்.

1959இல் காவல்துறை ஹைலேண்டரைச் சோதனையிட்டு செப்டிமாவைக் கைது செய்தது. மதுவை அறவே தொடாத அவர்மீது மது வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டியது. அந்த வழக்கு நிலைக்கவில்லை. ஆனால் 1961இல் பள்ளியின் உரிமம் பறிக்கப்பட்டது. அதற்குள் குடியுரிமைப் பள்ளித் திட்டம் கிங் தலைமையிலான தென்னகக் கிறித்தவத் தலைமைத்துவ மாநாட்டின் கைக்கு மாறியிருந்தது. ஜார்ஜியாவின் டார்செஸ்டர் மையத்தில் ஐந்து நாள் ஆசிரியப் பயிற்சிகள் நடந்தன. ஊரில் மதிப்புடையவராக, உரக்கப் படிக்கவும் கரும்பலகையில் தெளிவாக எழுதவும் தெரிந்தவராக இருந்தால் போதும். பயிற்சி நூலோடு ஊர் திரும்பி, தேவாலயத்திலோ சமையலறையிலோ மரத்தடியிலோ அவர்கள் பள்ளி தொடங்கினார்கள். மிசிசிப்பியின் ஃபேனி லூ ஹேமரும் இங்கே பயிற்சி பெற்றவரே. 1970 வரை ஏறத்தாழ 900 பள்ளிகள் நடந்தன என்பது செப்டிமா தந்த கணக்கு. எழுத்தறிவுத் தேர்வை நிறுத்திவைத்த 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தபோது, அதைப் பயன்படுத்திக்கொள்ள மக்கள் அணியமாக இருந்தனர்.

இத்தனைக்கும் இயக்கத்தின் உள்ளேயே அவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. நிர்வாகக் குழுவில் இருந்தும், ஒரு பெண் அங்கே ஏன் அமர்ந்திருக்கிறார் என்ற கேள்வியை அவர் எதிர்கொண்டார். எல்லாப் பேரணிக்கும் தாமே தலைமை ஏற்காமல் அந்தந்த ஊரில் தலைவர்களை வளர்க்குமாறு கிங்குக்கு எழுதினார். அந்தக் கடிதம் கூட்டத்தில் படிக்கப்பட்டபோது மற்றவர்கள் சிரித்தனர். ஒடுக்கப்பட்டோர் இயக்கங்கள், நம்முடையவை உட்பட, இன்னும் பதில் சொல்ல வேண்டிய சிரிப்பு அது.

1975இல் செப்டிமா சார்ல்ஸ்டன் பள்ளிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பினத்தவர் என்பதால் ஒருகாலத்தில் தமக்கு வேலை மறுத்த நகரின் பள்ளிகளை மேற்பார்வையிடும் குழு அது. பறிக்கப்பட்ட ஓய்வூதியம் 1976இல் மீண்டது. 1987 டிசம்பர் 15 அன்று, தாம் முதன்முதலில் கற்பித்த அதே ஜான்ஸ் தீவில் மறைந்தார்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு மரபு உண்டு. சோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1855இலேயே உழவர்க்கும் தொழிலாளர்க்கும் இரவுப் பள்ளி நடத்தினர். நம் அரசமைப்பு எழுத்தறிவைக் கேட்காமலேயே அனைவர்க்கும் வாக்களித்தது. ஆயினும் காவல் நிலையத்து மேசைமுன் எழுத்தறியாதவரின் நிலை என்ன? வாய்மொழியாகச் சொல்லி எழுதப்பட்ட புகாரை, கையொப்பம் பெறுமுன் புகார்தாரருக்குப் படித்துக் காட்டுவது அதிகாரியின் கடமை என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. தமக்கு அந்த உரிமை இருப்பதை அறியாதவர் அதை எப்படிக் கேட்பார்?

நம் குடியிருப்புகளில் மாலை வகுப்பு நடத்தும் தோழர்களிடம் இன்றும் குழந்தைகளின் அரிச்சுவடிதான் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல், பட்டா, நூறு நாள் வேலை அட்டை, சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் ஆகியவற்றைப் பாடமாக்கிய கையேடு வேண்டும். ஒரு வகுப்பு முடிந்ததும் அடுத்த ஊருக்கு இரவலாகப் போகும் புத்தகப்பெட்டியும் வேண்டும். அதைத் தொகுக்கச் சட்ட மாணவர்கள் நால்வரும், வைக்க ஒரு மளிகைக்கடையின் பின்னறையும் போதும்.