யுரேனியத்தை அளந்தவர்

யுரேனியச் செறிவூட்டல் குறித்த செய்திகளில் சதவீதங்களே சர்ச்சையின் மையமாக நிற்கின்றன. ஈரானுடனான 2015ஆம் ஆண்டு உடன்பாடு வகுத்த வரம்பு 3.67 சதவீதம். அணுகுண்டுக்கு உகந்ததாகக் கருதப்படுவது சுமார் 90 சதவீதம். இவற்றைப் படிக்கும்போதெல்லாம் அமெரிக்க இயற்பியலாளர் ஆல்ஃபிரெட் நியர் என் நினைவுக்கு வருகிறார். அணுகுண்டை உருவாக்கியவர்களை உலகம் அறியும். யுரேனியத்தைத் துல்லியமாக அளந்து கொடுத்தவரைத் துறைக்கு வெளியே அதிகம் பேர் அறிவதில்லை.

1911இல் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய எளிய பெற்றோருக்குப் பிறந்தவர் நியர். படித்தது மின்பொறியியல். பெருமந்த காலத்தில் வேலை கிடைக்காததால் இயற்பியலுக்கு வந்தார். கருவிகளைத் தம் கையாலேயே வடிவமைக்கும் பொறியாளரின் பழக்கம் அவரைவிட்டு நீங்கவில்லை.

யுரேனியத்தின் ஐசோடோப்புகள் வேதியியலில் ஒன்றுபோலவே நடந்துகொள்பவை. எடையில் வேறுபடுபவை. சிகாகோவில் ஆர்தர் டெம்ஸ்டர் 1935இல் யுரேனியம்-235 இருப்பதைக் கண்டறிந்தார். ஆனால், அது எவ்வளவு இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியவில்லை. ஹார்வர்டில் ஆய்வு செய்த நியர், யுரேனியச் சேர்மத்தை ஆவியாக்கி, மின்னேற்றி, காந்தப்புலத்தின் வழியே செலுத்தினார். எடை குறைந்த அணுக்கள் அதிகம் வளையும். கனமானவை குறைவாக வளையும். பிரிந்து வரும் ஒவ்வொரு கற்றையின் மின்னோட்டத்தையும் அளந்தால் விகிதம் கிடைத்துவிடும். 139 யுரேனியம்-238 அணுக்களுக்கு ஒரு யுரேனியம்-235 அணு என்று அவர் 1939இல் வெளியிட்டார். இன்றைய மதிப்பு சுமார் 137.8. அவர் தேடியது ஆயுதத்தை அல்ல, பாறைகளின் வயதை. யுரேனியம் சிதைந்து ஈயமாகும் வேகத்தைக் கணக்கிட அந்த விகிதம் தேவைப்பட்டது.

அதற்குள் அணுக்கருப் பிளவு கண்டறியப்பட்டிருந்தது. மெதுவான நியூட்ரான்களால் பிளவுறுவது 235தான் என்று நீல்ஸ் போர் வாதிட்டார், நிரூபணம் இல்லை. பிரித்துத் தருமாறு என்ரிகோ ஃபெர்மி வேண்டினார். மினசோட்டாவுக்குத் திரும்பியிருந்த நியர் 1940 பிப்ரவரி இறுதியில் மிக நுண்ணிய அளவில் பிரித்தெடுத்தார். அது படிந்த உலோகத் தகடுகளை ஒரு கடிதத்தின் ஓரத்தில் ஒட்டி, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜான் டன்னிங்குக்கு அஞ்சலில் அனுப்பினார். போரின் ஊகம் சில நாள்களில் உறுதியாயிற்று.

பிறகு வந்தது மன்ஹாட்டன் திட்டம். செறிவூட்டல் எந்த அளவுக்கு நடந்திருக்கிறது என்று சோதிக்கவும் ஆலைக் குழாய்களில் கசிவைக் கண்டறியவும் நியரின் கருவிகளே பயன்பட்டன. ஹிரோஷிமாவில் வெடித்தது யுரேனியம்-235 குண்டு. அளவுகோலுக்கு அறம் கிடையாது என்று சொல்லி இதைக் கடந்துவிட நான் விரும்பவில்லை. அந்த அளவீடு இல்லாமல் அந்த ஆலை இயங்கியிருக்காது.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. நியர் செம்மைப்படுத்திய முறையே பூமியின் வயதைக் கணக்கிட வழிவகுத்தது. 1976இல் வைகிங் விண்கலத்துடன் செவ்வாயின் காற்றை அளக்கவும் அவரது கருவி சென்றது. 1972இல் பிரான்ஸில், காபோன் நாட்டு யுரேனியத்தில் 235இன் பங்கு 0.7202 சதவீதத்துக்குப் பதிலாக 0.7171 ஆக இருந்ததை ஆய்வாளர்கள் கவனித்தனர். அந்தச் சிறு குறைவைத் தொடர்ந்து போனபோது, சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஓக்லோ சுரங்கப் பகுதியில் இயற்கையாகவே அணு உலை இயங்கியிருந்தது புலப்பட்டது. நியர் 1994இல் மறைந்தார்.

இன்று சர்வதேச ஆய்வாளர்கள் அணு ஆலைகளின் சுவர்களையும் கருவிகளையும் பருத்தித் துணியால் துடைத்து எடுக்கும் தூசியும் இதே முறையில்தான் பரிசோதிக்கப்படுகிறது. நாடுகளின் வாக்குறுதி பொய்க்கலாம். தூசியில் உள்ள விகிதத்தை மறைப்பது கடினம். அணுகுண்டுக்குத் துணைபோன அளவீடே அதைத் தடுக்கும் சாட்சியாகவும் நிற்க முடியும். அதற்கு, ஆய்வாளர்களுக்கு ஆலைக் கதவுகள் திறந்திருக்க வேண்டும். சதவீதம் பற்றிய சர்ச்சையில் நாம் முதலில் கேட்க வேண்டியது, அளக்க விடுகிறார்களா என்பதைத்தான்.