அனைரின் பெவன்: சுரங்கத்திலிருந்து வந்த சுகாதார அமைச்சர்

பொது மருத்துவத்துக்காக நாம் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. எல்லோருக்கும் ஏன் இலவச மருத்துவம், ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா? இக்கேள்வியை 1940களின் பிரிட்டனில் நேருக்கு நேர் சந்தித்து, தன் விடையைச் சட்டமாகவே ஆக்கியவர் அனைரின் பெவன். அந்த விடை அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை அறிய அவருடைய ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

1897 நவம்பர் 15 அன்று தெற்கு வேல்சில் உள்ள ட்ரெடீகர் என்னும் நிலக்கரி ஊரில், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். உடன்பிறந்தவர்களுள் பலர் குழந்தைப் பருவத்திலேயே மடிந்தனர். 13 வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கினார். திக்குவாய் வேறு. தடைப்படும் சொல்லுக்கு மாற்றுச் சொல் தேடித் தேடித் தொழிலாளர் நூலகத்தில் படித்தவர், பின்னாளில் சர்ச்சிலுக்கே ஈடுகொடுக்கும் நாடாளுமன்றப் பேச்சாளரானார். சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் உதவியோடு 1919 முதல் இரண்டாண்டுகள் லண்டனில் தொழிலாளர் கல்லூரியில் பயின்று ஊர் திரும்பியபோது அவருக்கு வேலை கிடைக்கவில்லை.

1925இல் தந்தை இறந்தார். நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்ததால் வந்த நோய் அவரைக் கொன்றது. அன்றைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அந்நோயைத் தொழில்சார் நோயாக ஏற்கவில்லை. ஆகவே குடும்பத்துக்கு இழப்பீடும் இல்லை. மலக்குழியில் இறந்தவரின் மரணச் சான்றிதழில் எந்தச் சொல் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து இழப்பீட்டை மறுக்கும் அதிகாரிகளை அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று.

ஆனால் ட்ரெடீகரில் வேறொன்றும் இருந்தது. தொழிலாளர்கள் தம் ஊதியத்தில் பவுண்டுக்கு மூன்று பென்னி வீதம் செலுத்தி நடத்திய மருத்துவ உதவிச் சங்கம் அது. மருத்துவர், செவிலியர், பல் மருத்துவர், மருந்து, மருத்துவமனை எல்லாம் அந்தச் சந்தாவுக்குள் அடக்கம். ஏறத்தாழ ஊர் முழுவதும் அதன் பயனாளிகள். நாவலாசிரியர் ஏ. ஜே. குரோனின் 1920களில் அச்சங்கத்தின் மருத்துவராகப் பணியாற்றியவர். உள்ளூர் மருத்துவமனையின் நிர்வாகக் குழுவில் பெவனும் இருந்தார். மருத்துவரைத் தொழிலாளரே பணியமர்த்திச் சம்பளம் கொடுக்க முடியும் என்பதை அவர் அங்குதான் கண்டார்.

நாட்டின் பிற பகுதிகளில் நிலைமை வேறு. 1911ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் குறிப்பிட்ட வருமானத்துக்கு உட்பட்ட தொழிலாளருக்குப் பொதுமருத்துவரை அளித்தது. அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எதுவும் அளிக்கவில்லை. மருத்துவருக்குக் கொடுக்கும் பணம் அடுப்புக்குப் போகட்டும் என்று பெண்கள் தம் நோயை மறைத்தனர். அறக்கட்டளை மருத்துவமனைகளில் நோயாளியின் குடும்ப வருமானத்தை விசாரித்து எவ்வளவு கட்ட முடியும் என்று முடிவுசெய்யத் தனி அலுவலர் இருந்தார். வேலையற்றோர் உதவித்தொகைக்காக 1931இல் கொண்டுவரப்பட்ட வருமானச் சோதனையோ வீட்டுக்குள்ளேயே புகுந்து கணக்குப் பார்த்தது. 1929 முதல் எபூ வேல் தொகுதியின் உறுப்பினராக இருந்த பெவன் இந்தச் சோதனையை வாழ்நாள் முழுதும் வெறுத்தார். ஏழை என்று நிரூபித்தால்தான் உதவி என்னும் ஏற்பாடு மனிதரைச் சிறுமைப்படுத்துகிறது என்பது அவருடைய அனுபவ அறிவு.

1945இல் தொழிற்கட்சி வென்றது. 47 வயதில் அவர் சுகாதார அமைச்சரானார். 1946இல் தேசிய சுகாதாரச் சேவைச் சட்டம் நிறைவேறியது. உள்ளாட்சி மருத்துவமனைகளையும் அறக்கட்டளை மருத்துவமனைகளையும் ஒருங்கே தேசவுடைமையாக்கினார். உள்ளாட்சிகளிடமே விட்டுவிடலாம் என்று அமைச்சரவையிலேயே ஹெர்பர்ட் மோரிசன் எதிர்த்தார். வளமான நகரத்துக்கு நல்ல மருத்துவமனை, வறிய நகரத்துக்குக் கெட்ட மருத்துவமனை என்றாகிவிடும் என்பதால் பெவன் இணங்கவில்லை. ஒரு மருத்துவர் தம் நோயாளிகளின் பட்டியலை இன்னொருவருக்கு விலைக்கு விற்கும் வழக்கத்தையும் சட்டம் தடைசெய்தது. நோயாளி விற்பனைச் சரக்காக இருந்த காலம் அது என்பதை இன்று நம்புவது கடினம்!

மருத்துவர் சங்கம் கொதித்தெழுந்தது. இத்திட்டத்தை நாஜி ஆட்சியின் தொடக்கத்தோடு ஒப்பிட்டவர்களும் உண்டு. 1948 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் 40,814 மருத்துவர்கள் எதிராகவும் 4,735 பேர் ஆதரவாகவும் வாக்களித்தனர். பெவன் சில இடங்களில் விட்டுக்கொடுத்தார். பொதுமருத்துவர்களை முழுச் சம்பளப் பணியாளராக்க மாட்டோம் என்று உறுதியளித்தார். சிறப்பு மருத்துவர்கள் அரசு மருத்துவமனைக்குள்ளேயே கட்டணப் படுக்கைகள் வைத்துக்கொள்ளவும் அனுமதித்தார். அந்தக் கட்டணப் படுக்கைகள் பெருந்தவறு என்றே நாம் கருதுகிறோம். பணமுள்ளவர் வரிசையைத் தாண்டிச் செல்ல ஒரு கதவு அன்றே திறந்துவிடப்பட்டது. ஆயினும் அதைத் திறக்காமல் 1948 ஜூலை 5 அன்று சேவை தொடங்கியிருக்குமா என்பது ஐயமே.

தொடங்கியபின் வந்த கூட்டத்தை அரசே எதிர்பார்க்கவில்லை. முதல் ஆண்டில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மூக்குக்கண்ணாடிகள் வழங்கப்பட்டன. கருப்பை இறங்கிய நிலையில் ஆண்டுக்கணக்கில் வலியோடு வீட்டுவேலை செய்துவந்த பெண்கள் மருத்துவமனைக்கு வந்தனர். அரசு வீண்செலவு செய்கிறது என்று நாளேடுகள் எழுதின. உண்மையில் அது புதிதாகப் பிறந்த தேவையன்று. தனியார் மருத்துவம் கண்ணில் படாமல் வைத்திருந்த பழைய நோய்.

இதே காலத்தில் அமெரிக்கா வேறு வழியில் சென்றது. 1945 நவம்பரில் அதிபர் ட்ரூமன் தேசிய மருத்துவக் காப்பீட்டை முன்மொழிந்தார். அங்கும் மருத்துவர் சங்கம் எதிர்த்தது. சோசலிச மருத்துவம் என்று முத்திரை குத்தி, விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டி, அதனை வீழ்த்தியது. வேலை தரும் முதலாளி வழியாகத் தனியார் காப்பீடு என்ற முறை நிலைபெற்றது. வேலை போனால் பலருக்கு அதுவும் போயிற்று. 1965இல்தான் முதியோருக்கும் வறியோருக்கும் தனித்தனி அரசுத் திட்டங்கள் வந்தன. இன்று தன் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 17 விழுக்காட்டை மருத்துவத்துக்குச் செலவிட்டும் அந்நாட்டில் 2 கோடிக்கு மேற்பட்டோர் காப்பீடின்றி இருக்கின்றனர். பிரிட்டன் அதைவிட மிகக் குறைவாகச் செலவிட்டு அனைவரையும் சேர்த்துக்கொள்கிறது. சராசரி ஆயுளும் அங்குக் கூடுதல்.

இந்தியாவிலும் அந்த ஆண்டுகளில் வாய்ப்பு இருந்தது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் 1943இல் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களை நேரில் பார்வையிட்டார். அடுத்த ஆண்டு சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. கட்டணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்று போர் குழு 1946இல் பரிந்துரைத்தது. அரசமைப்புச் சட்டத்தில் பொதுச் சுகாதாரம் வழிகாட்டு நெறியாக 47ஆம் பிரிவில் அமர்ந்தது. அதைக் காட்டி நேரடியாக நீதிமன்றம் செல்ல முடியாது. பின்னாளில் இந்திய மருத்துவர்கள் பலர் வேல்சின் அதே சுரங்கப் பள்ளத்தாக்குகளுக்குச் சென்று, பெவனின் சேவையைத் தாங்கி நிறுத்தினர்.

1951இல் கொரியப் போருக்கான ஆயுதச் செலவை ஈடுகட்டச் சொந்தக் கட்சியின் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல், பல் செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தார். தொகை சிறியது. நாட்டின் ஆயுதத் திட்டத்தோடு ஒப்பிட்டால் துளி. இதற்காகவா பதவி விலகுவது என்று நண்பர்களே கேட்டனர். ஏப்ரலில் பெவன் விலகினார். கட்சி பிளவுபட்டது, அக்டோபரில் ஆட்சியும் போயிற்று. பிடிவாதக்காரர் என்னும் பழி அவருக்கு நிலைத்தது. நம் பார்வையில் அவர் சரியாகவே கணித்தார். மூக்குக்கண்ணாடிக்குக் கட்டணம் வந்தால், அதைக் கட்ட முடியாதவர் யார் என்று விசாரிக்கும் அலுவலரும் திரும்பி வருவார். அடுத்த ஆண்டே பழமைவாதக் கட்சி அரசு மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் விதித்தது.

1960 ஜூலை 6 அன்று, சேவையின் 12ஆம் ஆண்டு நிறைந்த மறுநாள், வயிற்றுப் புற்றுநோயால் பெவன் இறந்தார். அவருடைய வேல்சில் மருந்துச் சீட்டுக் கட்டணம் 2007இல் முழுதும் நீக்கப்பட்டது. இங்கிலாந்தில் இன்றும் அது இருக்கிறது.