புகையை வேலை வாங்கியவர்

சுவிட்சர்லாந்தின் வடபால் விண்டர்தூர் என்றொரு தொழில் நகரம் இருக்கிறது. 1834இல் தொடங்கிய சுல்சர் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் அது. 1879ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலைக்கு ஓர் இளைஞர் பட்டறைப் பயிற்சி பெற வந்தார். டைபாய்டு காய்ச்சலால் கல்லூரி இறுதித் தேர்வு எழுத முடியாமற்போய், அடுத்த தேர்வு வரும்வரை காலத்தை வீணாக்க மனமில்லாமல் வந்தவர். அவர்தாம் ருடால்ஃப் டீசல். அதே ஆண்டு ஜூலை 11ஆம் நாள், அதே ஊரில், சுல்சர் நிருவாகத்தில் உயர்பதவி வகித்த ஜோஹன் பியூகி என்பாருக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. டீசல் படைத்த எந்திரத்தின் வலிமையைப் பிற்காலத்தில் பெருக்கிக் காட்டப் போகும் குழந்தை! இதனை விதி என்று நான் சொல்லமாட்டேன். விந்தை என்று சொல்லலாம் அல்லவா?

அக்குழந்தைதான் ஆல்பிரட் பியூகி. இன்று விளையாட்டுக் கார்களின் பின்புறத்தில் பெருமையோடு பொறிக்கப்படும் டர்போ என்ற சொல்லுக்கு மூலவர். பொறியியல் பயில்வோர்க்கு அவர் பெயர் பாடம். நம்மைப் போன்ற அறிவியல் மாணவர்க்கோ பெரும்பாலும் செவிவழிச் செய்தி. நான் பௌதிகம் படிப்பவன்; கார் ஓட்டவும் அறியாதவன். ஆயினும் அவர் வரலாற்றைக் கையில் எடுத்தபின் கீழே வைக்க மனம் வரவில்லை.

1899இல் ஜூரிக் நகரின் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் எந்திரப் பொறியியல் பயிலச் சேர்ந்தார். ஐன்ஸ்டைன் அங்கே படிப்பை முடித்து வெளியேறியது 1900இல். சில மாதங்களேனும் இருவரும் ஒரே வளாகத்தில் நடமாடியிருப்பர்; துறை வேறு, வழி வேறு. 1903இல் பட்டம் பெற்ற பியூகி, பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார். தந்தையின் நிழலில் ஒதுங்கியிருக்கலாம். அவரோ அயல்நாடுகளில் கைப்பழகினார். ஊரை விட்டு இத்தனை தொலைவு வந்து படிக்கும் நமக்கு அந்தத் துணிவின் விலை தெரியும்.

எந்திரத்தில் எரியும் எண்ணெய் தரும் வெப்பத்தில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கைக் குளிர்நீர் கொண்டுபோகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வானம் ஏறுகிறது. எல்லாரும் அறிந்த கணக்கு இது; எல்லாரும் பொறுத்துக்கொண்ட நட்டமும் இதுவே. பியூகி பொறுத்துக்கொள்ளவில்லை. வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சுழலியைச் சுற்றச் செய்வது. அச்சுழலியைக் கொண்டு ஓர் அமுக்கியை ஓட்டுவது. அந்த அமுக்கி வெளிக்காற்றை நெருக்கிச் சிலிண்டருக்குள் திணிப்பது. காற்று மிகுந்தால் எண்ணெயையும் மிகுதியாக எரிக்கலாம். எந்திரம் பருக்காமலே அதன் ஆற்றல் பெருகும். இக்கருத்துக்கு அவர் காப்புரிமை பெற்ற நாள் 1905 நவம்பர் 16. அப்போது அவருக்கு வயது 26. என்னைவிட மூன்றே வயது மூத்தவர்!

ஆனால் தோழர்களே, காகிதத்தில் வரைந்த சுழலி உடனே சுழலும். உலோகத்தில் வார்த்த சுழலி அப்படிச் சுழலுமா? தாயகம் திரும்பிய பியூகி சுல்சரில் பணியேற்றார். 1911 முதல் அங்கே சோதனைகள் நடந்தன. 1915இல் ஒரு மாதிரிப் பொறி உருவாயிற்று; நம்பி ஓட்டத்தக்கதாக அது அமையவில்லை. இதற்கிடையே முதல் உலகப் போர் மூண்டது. உயரப் பறக்கும் விமானங்களுக்கு மெலிந்த காற்று போதவில்லை. பிரான்சில் ரத்தோவும் அமெரிக்காவில் சான்போர்டு மாஸும் இதே வகைக் கருவிகளை விமான எந்திரங்களில் பொருத்தினர். 1918இல் மாஸ், கொலராடோவிலுள்ள பைக்ஸ் சிகரத்தில் பதினாலாயிரம் அடி உயரத்துக்குத் தம் கருவியை ஏற்றிச் சோதித்துக் காட்டினார். கருத்தை முதலில் சொன்னவரோ தம் பட்டறையில் இன்னும் போராடிக்கொண்டிருந்தார்.

தடை எங்கே இருந்தது? ஒவ்வொரு சிலிண்டரும் புகையை வெளிவிடும்போது, அது ஒரு வெடிப்புப் போலத் துள்ளி வருகிறது. எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் ஒரே பருத்த குழாயில் கொட்டினால், அத்துள்ளல் அடங்கிவிடுகிறது. குழாயில் ஓயாத அழுத்தம் ஒன்று நிலைத்து நின்று, சிலிண்டரை நோக்கித் திருப்பித் தள்ளுகிறது. அந்நாளைய சுழலிகளும் அமுக்கிகளும் திறமை குறைந்தவை. ஆகவே உள்ளே வரும் காற்றின் அழுத்தம், வெளியே நிற்கும் புகையின் அழுத்தத்தை வெல்ல முடியவில்லை. பழைய புகை உள்ளேயே தங்கிற்று, புதுக்காற்றுக்கு இடமில்லை.

1925இல் பியூகி கண்ட விடை எளிமையானது. ஆனால் அதற்கு இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. பருத்த குழாயை விலக்கிவிட்டுக் குறுகிய தனித்தனிக் குழாய்களை வைத்தார். ஒன்றன் துள்ளல் மற்றொன்றோடு மோதாதபடி சிலிண்டர்களைப் பிரித்து இணைத்தார். புகையின் துள்ளல் முழுவேகத்தோடு சுழலியைத் தாக்கும். அடுத்த கணம் குழாயில் அழுத்தம் சரியும். அந்தக் கணம் பார்த்துக் காற்றுக் கதவும் புகைக் கதவும் ஒருசேரத் திறந்திருக்கும். நெருக்கிய புதுக்காற்று உள்ளே பாய்ந்து, எஞ்சிய புகையைப் பெருக்கித் தள்ளி, சிலிண்டரையும் குளிர்விக்கும். பெருஞ்சோதனைச் சாலைகள் தவறவிட்ட அந்த ஒரு கணத்தைப் பிடித்தவர் இவர். அவர் மேதைமை 1905இன் கருத்தில் இருப்பதாகப் பலர் எழுதுகின்றனர். எனக்கு அது 1925இன் குழாய்களில்தான் தெரிகிறது.

பலன் விரைவில் வந்தது. பிராய்சன், ஹான்ஸஷ்டட் டான்சிக் என்னும் இரு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்களின் பத்துச் சிலிண்டர் டீசல் எந்திரங்கள், 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500 குதிரைத்திறனுக்கு உயர்ந்தன. 1926இல் பியூகி, பாடன் நகரின் பிரௌன் பொவேரி நிறுவனம், விண்டர்தூர் ரயில் எந்திரச் சாலை ஆகிய மூவரும் கூட்டாகத் தொழில் தொடங்கினர். கப்பல், மின்நிலையம், ரயில் என்று டர்போ பரவிற்று. 1938இல் சுவிட்சர்லாந்தின் சவுரர் நிறுவனம் அதனை லாரி எந்திரத்தில் பொருத்திற்று. 1959 அக்டோபர் 27ஆம் நாள், தம் 80ஆம் வயதில், பிறந்த ஊரிலேயே பியூகி காலமானார்.

விற்பனைக்கு வந்த டர்போ கார் ஒன்றையேனும் அவர் பார்க்கவில்லை. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1962இல், அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயரும் கொர்வேர் மொன்சாவும் வெளிவந்தன. ஜெட்ஃபயரில் தண்ணீரும் மெதனாலும் கலந்த நீர்மம் ஒன்றை அடிக்கடி ஊற்றிவர வேண்டும். வாங்கியவர்கள் பலர் மறந்தனர். 1963ஓடு அந்தக் கார் நின்றுபோயிற்று.

கப்பல் எந்திரம் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடுவது. விளையாட்டுக் காரோ நொடிக்கு நொடி வேகம் மாறுவது. அங்குதான் தேர்வு சிக்கலாகிறது. பெரிய டர்போ மிகுந்த காற்றைத் தரும். ஆனால் கனத்த சக்கரம் சுழன்று வேகம் பிடிக்கக் காலம் கேட்கும். 1973இல் வந்த பி.எம்.டபிள்யூ 2002 டர்போவுக்கு இரண்டு லிட்டர் எந்திரம், 170 குதிரைத்திறன். மிதித்தபின் சற்று நேரம் ஒன்றும் நடவாது. பிறகு திடீரெனப் பாயும். அதே இரண்டு லிட்டரில் சாப் நிறுவனத்தார் 1977இல் வேறு வழி சென்றனர். சிறிய டர்போவைத் தேர்ந்தெடுத்து, அழுத்தம் அளவு மீறினால் புகையைச் சுழலிக்குள் விடாமல் திருப்பிவிட ஒரு கதவும் வைத்தனர். உச்ச ஆற்றல் குறைவு, 145தான்; ஆனால் சாதாரண ஓட்டத்திலேயே அது கைக்குக் கிட்டிற்று. எனக்குச் சாப்பின் வழியே அறிவுடையதாகத் தோன்றுகிறது. பந்தயப் பித்தர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்!

அப்பித்தர்களுள் நால்வர் நம் விடுதியிலேயே இருக்கிறார்கள். மாணவர் பந்தயத்துக்கென மோட்டார் சைக்கிளின் நான்கு சிலிண்டர் எந்திரம் ஒன்றை வைத்துச் சிறு கார் கட்டுகிறார்கள். கையில் உள்ள பணத்துக்கு ஒரே ஒரு டர்போதான் வாங்க முடியும். தவறினால் இவ்வாண்டு பந்தயமே இல்லை. பெரிதா சிறிதா என்று இரவெல்லாம் வாதம். தஞ்சாவூர்த் தம்பி ஒருவன் சென்ற வாரம் புகைக்குழாயின் படத்தை என் அறைக்குக் கொண்டுவந்தான். முதல் சிலிண்டரும் நான்காவதும் ஒரு குழாயில். இரண்டாவதும் மூன்றாவதும் மறு குழாயில். அடுத்தடுத்துப் புகைவிடும் சிலிண்டர்கள் ஒரு குழாயில் சேரக்கூடாதாம். இரட்டை வாய் டர்போ என்று கடைக்காரர் சொன்னாராம், விலை கூடுதலாம். பியூகியின் 1925ஆம் ஆண்டுக் குழாய்களைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். படத்தைத் திருப்பிப் பார்த்தவன், சிறியதையே வாங்குவது என்றும், அதையும் இரட்டை வாயுள்ளதாகவே வாங்குவது என்றும் மற்ற மூவரிடம் வாதாடப் போயிருக்கிறான்.