பட்டம் பெறும் முன்பே படைக்குப் போன மாணவர்: ஜெனரல் சுந்தர்ஜி

கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை, இராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு மனுச் செய்யப் போவதாகச் சொன்னால், பெற்றோர் முதலில் கேட்பது படிப்பு என்ன ஆவது என்பதைத்தான். யான், குரூண், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இது இன்றும் எழும் கேள்வி. 1945-இல் அப்படியொரு முடிவை எடுத்த தமிழ் மாணவர் பின்னாளில் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்தார். அவர்தான் ஜெனரல் கிருஷ்ணசுவாமி சுந்தர்ஜி.

சுந்தரராஜன் என்பது அவருடைய இயற்பெயர். செங்கல்பட்டில் 1928 ஏப்ரல் 28-ஆம் நாள் பிறந்தார். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் பெற்று நல்ல உத்தியோகத்தில் அமர்வதே அன்றைய நடுத்தரக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு வகுத்து வைத்த பாதை. சுந்தர்ஜி அந்தப் பாதையை முடிக்கவில்லை. 17 வயதில், பட்டம் பெறாமலேயே கல்லூரியை விட்டு இராணுவத்தில் சேர்ந்தார்.

அது இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டம். அவர் சேர்ந்த பிரிட்டிஷ் இந்திய இராணுவம் கெடா மக்களுக்குப் புதிதல்ல. 1941 டிசம்பரில் ஜித்ராவிலும், பிறகு ஜெராய் மலைக்கு அப்பால் குரூணிலும் ஜப்பானியரிடம் தோற்றுப் பின்வாங்கியது அந்த இராணுவம்தான். அதன் பிறகு அதன் பலம் 20 லட்சத்தைத் தாண்டியது. அத்தனை பேரை வழிநடத்த அதிகாரிகள் தேவைப்பட்டதால், இந்திய இளைஞர்களுக்கு அவசரகாலப் பதவிகள் வழங்கப்பட்டன. ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் மாறியது. தேர்வு வாரியங்கள் நேர்காணலோடு நிற்காமல், மனோதத்துவச் சோதனை, குழுவாகச் செய்யும் வேலைகள் என்று பல நாள் வைத்துப் பார்த்தன.

ஆனால் அவசரகாலப் பதவி நிரந்தரமானதல்ல. போர் முடிந்ததும் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். நிலைத்து நிற்க விரும்பியவர்கள் மறுபடியும் தேர்வு பெற வேண்டியிருந்தது. கையில் பட்டமும் இல்லை, வேலைக்கு உறுதியும் இல்லை என்ற நிலையில்தான் சுந்தர்ஜி அந்த வழியில் இறங்கினார். 1946-இல் மகர் படைப்பிரிவில் அதிகாரியானார்.

மகர் படைப்பிரிவுக்கு ஒரு வரலாறு உண்டு. மராட்டியத்தில் தீண்டாமைக்கு ஆளான மகர் சமூகத்தைப் படையில் சேர்ப்பதைப் பிரிட்டிஷார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுத்திவிட்டனர். டாக்டர் அம்பேத்கர் உள்ளிட்டோரின் விடாத கோரிக்கைக்குப் பிறகு 1941-இல் மகர்களுக்கெனத் தனிப் படைப்பிரிவு அமைந்தது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த இளைஞர் அந்தப் படைவீரர்களோடு சேர்ந்து தொழில் கற்றார்.

1948-இல் கார்கில் பகுதியில் போரிட்டார். 1963-இல் ஐக்கிய நாடுகள் அமைதிப் படையோடு காங்கோ சென்றார். 1965 போரில் ஒரு காலாட்படைப் பட்டாளத்துக்குத் தலைமை தாங்கினார். 1971 வங்காளதேசப் போரின்போது ரங்பூர் முனையில் பிரிகேடியராக இருந்தார்.

இத்தனைக்கும் நடுவே, விட்டுப்போன படிப்பை அவர் மறக்கவில்லை. வெலிங்டன் இராணுவக் கல்லூரியிலும், அமெரிக்காவின் லெவன்வொர்த் கோட்டையிலும், டில்லியின் தேசியப் பாதுகாப்புக் கல்லூரியிலும் பயின்றார். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் அனைத்துலக உறவுகளில் எம்.ஏ. பட்டமும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தற்காப்புத் துறையில் எம்.எஸ்சி. பட்டமும் பெற்றார்.

அந்தப் படிப்பு வேலையில் தெரிந்தது. காலாட்படையிலிருந்து வந்த அவர் டாங்கிப் படைக்கும் தலைமை ஏற்றார். கவச வண்டிகளில் விரைந்து செல்லும் இயந்திரமயக் காலாட்படை 1979-இல் உருவாக முன்னின்றார். அணு ஆயுதக் காலத்தில் போரை எப்படி எதிர்கொள்வது என்று அதிகாரிகளை யோசிக்க வைத்தார்.

1986 பிப்ரவரியில் தலைமைத் தளபதியானார். அவ்வாண்டு அருணாசல எல்லையில் சீனப் படையோடு உரசல் ஏற்பட்டபோது, வான்வழியாகப் படைகளை மலைமுகட்டுக்கு அனுப்பினார். ராஜஸ்தானில் அவர் நடத்திய மாபெரும் போர்ப்பயிற்சி பாகிஸ்தானைப் பதற்றத்தில் ஆழ்த்தியது.

அவர் பெயரோடு கசப்பான நினைவுகளும் சேர்ந்தே இருக்கின்றன. 1984-இல் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் இராணுவம் நுழைந்தபோது மேற்குப் பிராந்தியத் தளபதி அவர். அது சீக்கியர் மனத்தில் ஆறாத புண்ணானது. 1987-இல் இந்திய அமைதிப்படை இலங்கை சென்றபோது தலைமைத் தளபதியும் அவரே. அங்கே மூண்ட சண்டையில் ஈழத் தமிழர் பெரும் துயரம் அனுபவித்தனர். படை உடையில் கிடைக்கும் பெருமையோடு இத்தகைய பாரமும் வரும் என்பதை அவர் வாழ்க்கை மறைக்காமல் காட்டுகிறது.

1988-இல் ஓய்வு பெற்ற பின் எழுத்தில் ஈடுபட்டார். நரம்பு நோயால் உடல் செயலிழந்து, 1999 பிப்ரவரி 8-ஆம் நாள் காலமானார்.

சுந்தர்ஜி காலத்தில் கல்லூரியா, படையா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. இன்று மலேசிய மாணவர்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. சுங்கை பெசியில் 2006 முதல் இயங்கும் மலேசிய தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி அதிகாரிகள் பட்டப்படிப்பையும் இராணுவப் பயிற்சியையும் சேர்த்தே முடிக்கலாம். ஏற்கெனவே வேறு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள், அங்குள்ள பலாப்பெஸ் சேமப்படைப் பயிற்சியில் சேர்ந்து, படிப்பை விடாமலே படை வாழ்க்கையை அறிந்துகொள்ளலாம்.

ஆகவே, பிள்ளை இராணுவம் என்று சொன்னவுடன் பெற்றோர் கதவைச் சாத்த வேண்டியதில்லை. பிள்ளைகளும் படிப்பிலிருந்து தப்பிக்கும் வழியாக அதை நினைக்க வேண்டாம். தாம்பரத்தில் பாதியில் விட்ட படிப்பைச் சுந்தர்ஜி வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து படித்தார்.