விரிசலை மறைக்காத தச்சர்

தாத்தா காலத்துத் தேக்கு பீரோ உங்க வீட்டுல இருந்தா, அதோட பளபளப்புக்கு ஒரு பூச்சிக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கலாம். மரக்கிளையில அரக்குப் பூச்சி சுரக்கிற பிசினைச் சுத்தம் பண்ணி, செதிலாக்கி, ஸ்பிரிட்ல கரைச்சா அதுதான் ஷெல்லாக். துணி உருண்டையில தொட்டுத் தொட்டுத் தேய்ப்பாங்க. ஸ்பிரிட் ஆவியாகிடும், மெல்லிய படலம் மட்டும் மரத்து மேல நிக்கும். கண்ணாடி மாதிரி மின்னும். ஆனா சூடான காபி டம்ளரை அப்படியே வச்சா வெள்ளை வளையம் விழுந்துடும்.

இந்தப் படலமே வேண்டாம்னு இன்னொரு வழியில போனவர்தான் ஜார்ஜ் நகாஷிமா. அவர் பட்டறையில மரத்துக்கு எண்ணெய்தான். கையால தேய்க்கத் தேய்க்க எண்ணெய் மரத்துக்குள்ள இறங்கும். காற்றில இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து உள்ளேயே கெட்டியாகும். மினுமினுப்பு குறைவுதான். ஆனா தொட்டா விரலுக்குப் படுறது படலம் இல்ல, மரம்.

நகாஷிமா 1905-இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரத்துல, ஜப்பானிலிருந்து குடியேறின குடும்பத்துல பிறந்தவர். 1930-இல் எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை முதுகலைப் பட்டம் வாங்கினார். பிறகு டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞரோட அலுவலகத்துல சேர்ந்தார். அந்த அலுவலகத்துக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு வேலை வந்தது. அரவிந்தர் ஆசிரமத்துக்கு 'கோல்கொண்டே' என்ற விடுதி கட்டணும்.

விழுப்புரத்திலிருந்து போனாலும் திண்டிவனத்திலிருந்து போனாலும் சுமார் 40 கிலோமீட்டர்ல இருக்கிற அதே புதுச்சேரிதான். அப்போ அது பிரெஞ்சு ஆட்சியில இருந்தது. 1937-இல் நகாஷிமா அங்கே வந்து வேலையை மேற்பார்வை பார்த்தார். இந்தியாவோட ஆரம்பகால நவீன கான்கிரீட் கட்டடங்கள்ல கோல்கொண்டே முக்கியமானது. வெயிலைத் தடுத்துக் காற்றை விட, வெளிச்சுவர் முழுக்கத் திருப்பக்கூடிய பலகைகள். உள்ளே காற்று புகுந்து போற மாதிரி தேக்குச் சட்டங்களால் ஆன நகரும் கதவுகள். ஏசி இல்லாம நம்ம ஊர் வெயிலைச் சமாளிக்கிறது எப்படின்னு யோசிக்கிற சிவில் நண்பர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய கட்டடம்.

வேலைக்கு வந்தவர் ஆசிரமத்துலயே சீடரா சேர்ந்துட்டார். சம்பளம் வேண்டாம்னுட்டார். அரவிந்தர் அவருக்கு வச்ச பேர் சுந்தரானந்தா. 1939-இல் புதுச்சேரியை விட்டுக் கிளம்பி, பிறகு அமெரிக்கா திரும்பி, சியாட்டில்ல மரச்சாமான் செய்ய ஆரம்பிச்சார்.

அப்போதான் இடி விழுந்தது. 1941 டிசம்பர்ல ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கினதும், அமெரிக்கா தன் சொந்த மண்ணுல இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்களை முகாம்கள்ல அடைச்சது. நகாஷிமா அமெரிக்காவுல பிறந்த குடிமகன், எந்தத் தப்பும் பண்ணல. ஆனாலும் 1942-இல் மனைவியோடும் கைக்குழந்தை மீராவோடும் இடாஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்குப் போக வேண்டியதாச்சு.

அந்த முகாம்ல கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சர் இருந்தார். ஜப்பானிய முறையில பழகினவர். எம்.ஐ.டி. பட்டதாரி அவர்கிட்ட மாணவனா உட்கார்ந்தார். கட்டுமானத்துல மிஞ்சின துண்டுக்கட்டைதான் மூலப்பொருள். உளி பிடிக்கிறதும், கட்டையோடு கட்டை பொருத்துறதும், அவசரப்படாம இருக்கிறதும் அங்கே கத்துக்கிட்டது.

1943-இல் பழைய முதலாளி ரேமண்ட் பொறுப்பேற்றதால விடுதலை கிடைச்சது. பென்சில்வேனியாவின் நியூ ஹோப்ல பட்டறை போட்டார். அவர் மேஜைகளைப் பார்த்தா ஒண்ணு கவனிப்பீங்க. மரத்தோட ஓரம் வளர்ந்த வளைவுலயே இருக்கும். பலகையில விரிசல் இருந்தா புட்டி வச்சு அடைக்க மாட்டார். வண்ணத்துப்பூச்சி வடிவத்துல ஒரு கட்டையை விரிசலுக்குக் குறுக்கே பதிச்சு, மேலும் பிளக்காம பிடிச்சு நிறுத்துவார். விரிசலும் தெரியும், கட்டையும் தெரியும். பின்னாடி நெல்சன் ராக்ஃபெல்லர் வீட்டுக்கே 200-க்கும் மேற்பட்ட சாமான்கள் இப்படிப் போச்சு.

கடைசிக் காலத்துல ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு அமைதி மேஜைன்னு கனவு கண்டார். முதலாவது 1986-இல் நியூயார்க் தேவாலயம் ஒண்ணுல வைக்கப்பட்டது. 1990-இல் அவர் இறந்த பிறகு, முகாமுக்குத் தூக்கிட்டுப் போன அந்தக் குழந்தை மீராதான் பட்டறையை நடத்தினார். 1996-இல் இன்னொரு மேஜை ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. ஆமா, நம்ம விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்தான். திண்டிவனம்–புதுச்சேரி பஸ்ல போனா திருச்சிற்றம்பலம் கூட்ரோட்டுல இறங்கிப் போகலாம். அனுமதி கிடைச்சா, ஒரு நிமிஷம் மேஜையோட ஓரத்தைக் குனிஞ்சு பாருங்க.