சிபில் கார்த்திகேசு: உயிரை விட மேலான ஒரு மௌனம்

பேராக் மாநிலத்தில் பூசிங்கை அடுத்துள்ள பாப்பான், ஈயம் கொழித்த காலத்தில் களைகட்டியிருந்த ஊர். இன்று அங்கே பழைய கடைவீடுகளும் அமைதியும்தான் மிஞ்சியிருக்கின்றன. பிரதான சாலையில் 74ஆம் எண் வீட்டில் ஜப்பானியர் காலத்தில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் கதையை நம் பிள்ளைகள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். அவர்தான் சிபில் கார்த்திகேசு.

பெயரைப் பார்த்துப் பலரும் அவரைப் பிறப்பால் தமிழர் என்று நினைப்பதுண்டு. உண்மையில் அவர் யூரேசியப் பெண். 1899 செப்டம்பர் 3ஆம் தேதி சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தார். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். கந்தோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். 1919இல் தைப்பிங்கைச் சேர்ந்த தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் தேவாலயத்தில் கைப்பிடித்தார். அதே ஆண்டு பிறந்த தலைப்பிள்ளை ஒரு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகு வில்லியம் என்ற குழந்தையைத் தத்தெடுத்தார்கள். அடுத்து 1921இல் ஓல்கா பிறந்தார். கடைக்குட்டி டோன் 1936இல் பிறந்தாள்.

1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில் கணவனும் மனைவியும் கிளினிக் நடத்தினார்கள். ஏழை எளியவர், இனம், மொழி என்று பார்க்காமல் வைத்தியம் செய்ததால் மக்களிடம் நல்ல பெயர் இருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கி, அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போவைப் பிடித்துவிட்டது. அதற்குச் சில நாள் முன்னதாகவே அந்தக் குடும்பம் பாப்பானுக்குக் குடிபெயர்ந்திருந்தது.

சிபிலின் முதல் சோதனை பாப்பானில்தான் தொடங்கியது. மலைக்காடுகளில் மறைந்திருந்து ஜப்பானியரை எதிர்த்தவர்கள் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். படையை வழிநடத்தியது கம்யூனிஸ்ட் கட்சி. சிபிலோ ஆழ்ந்த கத்தோலிக்கப் பக்தை. அரசியலிலும் நம்பிக்கையிலும் இரு தரப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் குண்டடி பட்டும் நோயுற்றும் இருட்டில் பின்கதவைத் தட்டியவர்களை அவர் திருப்பி அனுப்பவில்லை. நோயாளி என்று வந்துவிட்டால் அவன் யார், எந்தக் கட்சி என்று கேட்பது வைத்தியம் பார்ப்பவரின் வேலை இல்லை என்பது அவர் கொள்கை.

அகப்பட்டால் மரண தண்டனை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்த நாட்களில் ஒரு சந்தேகமே ஆளை முடித்துவிடப் போதுமானது. நம் தோட்டப் பாட்டாளிகள் லாரி லாரியாகச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போகப்பட்ட காலமும் அதுதான். தட்டிக் கேட்க நாதியில்லாத அந்தக் காலத்தில் சிபில் சிகிச்சை அளித்ததோடு நிற்கவில்லை. ரகசியமாக வானொலிப் பெட்டி வைத்து பிபிசி செய்திகளைக் கேட்டு, நம்பிக்கையானவர்களிடம் பரப்பியும் வந்தார். அந்தப் பெட்டிக்கு ஜோசபின் என்று சங்கேதப் பெயர். மாடிப்படிக்குக் கீழே தோண்டிய குழிதான் அதன் மறைவிடம்.

1943 ஜூலையில் பிடிபட்டார். கணவரும் மகன் வில்லியமும் கைதானார்கள். கெம்பித்தாய் எனப்படும் ஜப்பானிய ராணுவ போலீஸ் அவரிடம் கேட்டது பெயர்களை. வந்தவர்கள் யார், தங்குமிடம் எங்கே, உதவியவர்கள் யார் என்பதே விசாரணை. அவர் வாய் திறக்கவில்லை. நீரைக் குடிக்க வைத்து வதைத்தார்கள், நகங்களைப் பிடுங்கினார்கள், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கால்களில் சுட்டார்கள், தடியால் அடித்து முதுகுத்தண்டைச் சிதைத்தார்கள். அப்போதும் ஒரு பெயர்கூட வெளிவரவில்லை.

தன் உடம்பைப் பணயம் வைப்பது ஒரு வகைத் துணிவு. அதைவிடக் கொடிய சோதனை பிறகு வந்தது. யோஷிமுரா என்ற சார்ஜென்ட் சின்னஞ்சிறு டோனைக் கொண்டுவந்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்ட ஏற்பாடு செய்தான். தாய் பேசினால் குழந்தை பிழைக்கும், பேசாவிட்டால் குழந்தை கருகும்.

நம் வீட்டுப் பிள்ளையை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கவே மனம் பதறுகிறது. ஒரு தாயின் முதல் கடமை பெற்ற பிள்ளையைக் காப்பது என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. ஆனால் சிபில் வாயிலிருந்து விழும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருந்தது, அந்த வீடுகளிலும் பிள்ளைகள் இருந்தார்கள். தன் பிள்ளையின் உயிரை அடுத்தவர் பிள்ளைகளின் உயிரைக் கொடுத்து வாங்கலாமா? இதுதான் அவர் முன் நின்ற கேள்வி. பெயர்களைச் சொன்னாலும் டோன் தப்புவாள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அம்மா எதையும் சொல்ல வேண்டாம் என்று அந்தப் பிஞ்சே கூவியதாகச் சிபில் பின்னர் பதிவு செய்திருக்கிறார். அவர் சொல்லவில்லை. நல்லவேளையாக மேலதிகாரி ஒருவர் குறுக்கிட்டுத் தடுத்ததால் குழந்தை பிழைத்தாள்.

குழந்தை பிழைத்ததால் இன்று நாம் அந்த முடிவை எளிதாகப் பாராட்டுகிறோம். பிழைக்காமல் போயிருந்தால்? கல்நெஞ்சக்காரி என்று ஊர் பேசியிருக்கும். முடிவெடுத்த அந்தக் கணத்தில் நல்லபடியாக முடியும் என்று நினைக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. பலனைக் கணக்குப் பார்க்காமல், தன்னை நம்பி வந்தவரைக் காட்டிக் கொடுப்பதில்லை என்ற ஒரே நெறியில் நின்றார். அது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல அந்த இடத்தில் நிற்காத நமக்குத் தகுதி இல்லை. ஆனால் அவர் மனம் கல் இல்லை என்பது மட்டும் நிச்சயம். பிறந்த அன்றே தலைப்பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அவர்.

ஒற்றர் வேலை, கெரில்லாக்களுக்கு மருத்துவ உதவி, வானொலி வைத்திருந்தது ஆகிய குற்றச்சாட்டுகளின் பேரில் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பத்து காஜா சிறையில் அடைபட்டார். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகு விடுதலையானபோது எழுந்து நடக்கும் நிலையில் இல்லை. சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டன் அனுப்பப்பட்டார். மன்னர் ஆறாம் ஜார்ஜ் அவருக்கு வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் வழங்கினார். நோய்ப்படுக்கையில் தொடங்கிய அவரது நினைவுக் குறிப்புகள், அவர் மறைந்த பின் 1954இல் நோ டிராம் ஆஃப் மெர்சி என்ற நூலாக வெளிவந்தன.

வதை நாட்களில் பூட்ஸ் காலால் உதைபட்ட தாடைக் காயம் மீண்டும் சீழ்பிடித்து, ரத்தத்தில் நச்சு கலந்து, 1948 ஜூனில் பிரிட்டனில் காலமானார். வயது 48. அதே மாதம்தான் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. அவர் உயிரைக் கொடுத்துக் காத்தவர்களில் பலர் அதே பிரிட்டிஷாருக்கு எதிரிகளாகிக் காட்டுக்குள் திரும்பினார்கள். காலம் கட்சிகளை மாற்றியது. அடிபட்டவனுக்கு மருந்து போட்டது தர்மம் என்பதை அது மாற்றவில்லை.

ஸ்காட்லாந்தின் லனார்க் ஊரில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல் 1949இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை ஒட்டிய கத்தோலிக்க மயானத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது. ஈப்போ ஃபேர் பார்க்கில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பாப்பான் வீடு ஆர்வலர்களின் முயற்சியால் நினைவகமாகப் பேணப்பட்டு வந்திருக்கிறது.

ஈப்போ பக்கம் போகும்போது சாப்பாட்டுக் கடைகளையும் குகைக் கோயில்களையும் பார்த்துவிட்டுத் திரும்புவது நம் வழக்கம். அடுத்த முறை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாப்பான் வரை போய் வாருங்கள். அவர் வாழ்ந்த வீட்டின் முன் நின்று, யூரேசியக் குடும்பத்தில் பிறந்து, தமிழர் வீட்டு மருமகளாகி, சீன இளைஞர்களுக்காகச் சித்திரவதை தாங்கிய இந்தத் தாயின் கதையைச் சொல்லுங்கள்.